நண்டுக் காரின் அடிவயிறு

பிச்சாவரம் கழியில் பிடித்த நண்டு கடலூர் போய்ச் சேரும்போது உயிரோடு இருக்க வேண்டும். சௌந்தரத்தின் பிழைப்பே அதுதான். செத்த நண்டை எந்த வியாபாரியும் கையால்கூடத் தொட மாட்டான். கிள்ளைப் பக்கம் சதுப்புக் காட்டுக்குள் இடுப்பளவு சேற்றில் இறங்கி, வேருக்கு அடியில் கைவிட்டு நண்டு பிடிப்பவர்களிடம் விடிந்ததும் போய் நிற்பாள். கொடுக்கைக் கயிற்றால் கட்டி, கூடைகளில் அடுக்கி, கழித் தண்ணீரில் நனைத்த சாக்கை மேலே போர்த்தி, கடலூர் முதுநகருக்குக் கொண்டுபோய் இறக்குவாள். ஈரம் காய்ந்தால் நண்டு சாகும். குலுங்கினால் கால் உடையும். நேரமானால் எல்லாம் போச்சு.

முதலில் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் கட்டு அவிழ்ந்த நண்டு ஒன்று கூடையை விட்டு இறங்கி, முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரின் வேட்டியைக் கவ்விக்கொண்டது. அன்றைக்குப் பஸ்ஸுக்குள் நடந்த கூத்துக்குப் பிறகு, கூடையோடு அவள் தலை தெரிந்தாலே கண்டக்டர் விசில் கொடுத்து வண்டியைக் கிளப்பிவிடுவார்.

அதனால்தான் கார். சிதம்பரத்தில் ஒரு வக்கீல் வீட்டு ஷெட்டில் துணி போர்த்திக் கிடந்த வெள்ளை அம்பாசிடர், டீசல் வண்டி, சல்லிசாக வந்தது. நண்டு ஏற்றவா அம்பாசிடர் என்று அவள் ஊரான முட்லூரே சிரித்தது. அவள் பின் சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் போட்டாள். இன்றைக்கும் அவர்கள் வீட்டு சோபா அதுதான். சிதம்பரம் தேர் வீதிகளைச் சுற்றிச் சுற்றி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். டிரைவிங் ஸ்கூலில் அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் மீசை முளைத்த காலேஜ் பையன்கள். லைசென்ஸ் வாங்கியதும் முதல் ஆளாக அவள்தான். அதிலிருந்து சாலையோரக் கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவள் 'நண்டுக் கார் அக்கா' ஆகிப்போனாள்.

அந்தக் காரிடம் ஒரு குணம் இருந்தது. கிள்ளை ரோட்டின் பள்ளம் மேடெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தொட்டில் மாதிரி லேசாக ஆடிக்கொண்டே போகும். ஒருமுறை காருக்கு ரிப்பேர் வேலை வந்தபோது லோடு ஆட்டோவில் ஏற்றிப் போனாள். பாதி நண்டுக்குக் காலே இல்லை. வியாபாரி கூடையைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அன்றிலிருந்து வேறு வண்டிப் பேச்சை அவள் எடுத்ததில்லை.

ஆனால் போன வருஷம் ஐப்பசி அடைமழை நேரத்தில் கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் கிளப்புவதற்குள் கழுத்து நரம்பு புடைத்துவிடும். கிளம்பினால் பின்னால் நீலப் புகை. ஆயில் ஊற்றி மாளவில்லை. ஆலப்பாக்கத்தில் டீக்கடைக்காரர், "என்னாக்கா, பஞ்சாயத்துல கொசு மருந்து அடிக்கச் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார். அவளும் சிரித்துவிட்டுத்தான் போனாள்.

கார்த்திகையில் ஒருநாள் சிரிப்பும் நின்றது. கூடை நிறைய சினை நண்டு. வெள்ளாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி இழுக்க மாட்டேன் என்றது. முதல் கியரில் போட்டு மிதித்தாள். இன்ஜின் ஓங்காரமாகக் கத்தியதே தவிர சக்கரம் நகர மனசில்லாமல் நகர்ந்தது. பாதிப் பாலத்தில் நின்றேவிட்டது. பின்னால் பஸ்களின் ஹாரன். நாலு பேர் இறங்கி வந்து தள்ளிக் கரை சேர்த்தார்கள். மறுபடி கிளம்பி முதுநகர் போய்ச் சேர்ந்தபோது மேல்கூடை நண்டுகள் வாயில் நுரை தள்ளி அடங்கிப்போயிருந்தன. சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே மூடினாள்.

மறுநாள் சிதம்பரம் பைபாஸ் ஓரத்தில் ஷெட் வைத்திருக்கும் பழனிவேலிடம் வண்டியைக் கொண்டுபோனாள். நாற்பது வயது இருக்கும் அவனுக்கு. எதையும் பூசி மெழுகாமல் சொல்லுவான். இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தான். அடுப்பில் ஈர விறகு வைத்ததுபோலக் குபுகுபுவென்று புகை கிளம்பியது.

"பாத்தீங்களாக்கா? போரு, அதான் பிஸ்டன் ஓடுற குழி, தேஞ்சிபோச்சு. வெடிக்கிற வேகம் பிஸ்டனத் தள்ளணும். அது தள்ளாம சந்து வழியா கீழ எறங்கிடுது. அதான் இழுவை இல்ல, ஆயிலும் குடிக்குது."

"என்னா பண்ணலாம் சொல்லு."

"மூணு வழி. இரும்புக்குப் போட்டுட்டு வேற வண்டி பாக்கலாம். இல்லன்னா கடலூர்ல ரெடி இன்ஜின் கெடைக்கும். ஏற்கெனவே வேல பாத்து, பெயிண்ட் அடிச்சி வச்சிருப்பாங்க. வெல கம்மி, எடுத்தாந்து மாட்டிட்டு ரெண்டே நாள்ல ஓட்டலாம். மூணாவது, இந்த இன்ஜினயே பிரிச்சிப் பாக்குறது. உள்ள எப்படி இருக்குன்னு பிரிச்சாத்தான் தெரியும்."

சென்னையில் வேலை பார்க்கும் மகள் சத்யப்பிரியாவுக்குப் போன் போட்டாள்.

"ம்மா, அந்தக் கார் வயசு என்னா, அது போற வெல என்னா? கார் வெலைக்கு மேல இன்ஜினுக்குச் செலவு பண்ணுவாங்களா யாராச்சும்? பேசாம லோன்ல ஒரு சின்ன லோடு வண்டி எடு. நான் கட்டுறேன்."

மகள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. சௌந்தரத்துக்கே அது சரியாகத்தான் பட்டது. ஆனால் நண்டுக்குக் கால் வேண்டுமே என்ற நினைப்பு அவளை விடவில்லை. இரண்டும் கெட்டானாக மறுபடி பழனிவேலிடமே போனாள்.

அவன் ஒரு காரியம் சொன்னான். "இன்ஜின் கெடக்கட்டும்க்கா. மொதல்ல வண்டி அதுக்கு லாயக்கான்னு பாக்கணும். இத்தன வருசம் உப்புத் தண்ணிய சொட்டவிட்டுக்கினே ஓட்டியிருக்கீங்க. மேல வெள்ளையாத்தான் இருக்கு. அடி செத்துப்போயிருந்தா தங்கத்துலயே இன்ஜின் வச்சாலும் வேஸ்ட்டு. இன்ஜின் இழுக்கும், தரை பேந்துக்கும்."

உப்பு இரும்பைத் தின்னும் என்று தெரியாதவளா அவள்? கழியோரத்தில் ஒரு ஆணி அடித்தால் ஆறு மாசத்தில் பொடிப்பொடியாக உதிரும். தினம் தினம் நண்டுக் கூடையிலிருந்து வடியும் தண்ணீர் காரின் தரைமேல்தான் ஓடியிருக்கிறது. அதை யோசிக்காமலே இருந்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

பழனிவேல் ஷெட்டுப் பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தினான். கையில் விளக்கும் நீளமான ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினான். சௌந்தரம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நானும் வர்றேன்."

"கறை படும்க்கா."

"நண்டு சேத்த விடவா?"

இறங்கி அண்ணாந்து பார்த்தாள். பதினெட்டு வருஷமாக ஓட்டிய வண்டியின் அடியை அப்போதுதான் முதல்தடவையாகப் பார்க்கிறாள். தலைக்கு மேல் பெரிய மிருகம் ஒன்று நான்கு கால் ஊன்றி நிற்க, அதன் வயிற்றுக்குக் கீழே நிற்பதுபோல இருந்தது. பழனிவேல் ஸ்க்ரூ டிரைவர் முனையால் தரைத் தகட்டை ஓங்கிக் குத்தினான். பொத்துக்கொண்டு உள்ளே போகும் என்று அவள் கண்ணை மூடினாள்.

டங் என்று மணிச் சத்தம் கேட்டது.

அவன் தள்ளிப் போய் இன்னொரு இடத்தில் குத்தினான். டங். சக்கரத்துக்கு உள்பக்கம், கதவுக்குக் கீழே, பின்னால் கூடை வைக்கிற இடத்துக்கு நேர் அடியில். எங்கே குத்தினாலும் அதே சத்தம். பழனிவேலின் முகம் மாறியது. விளக்கை நெருக்கிப் பிடித்து, ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு இடத்தைச் சுரண்டினான். மேலே தார் மாதிரிக் கறுப்பு. அதற்கு உள்ளே சாம்பல் நிறம். அதற்கும் உள்ளே செக்கச்செவேலென்று, துரு பிடிக்காமல் இருக்கப் பூசுகிற ரெட் ஆக்சைடு. அதற்கடியில் இரும்பு, புது ஒரு ரூபாய்க் காசுபோலப் பளிச்சென்று.

"யாருக்கா பண்ணது இந்த வேல?" என்றான். குரல் தாழ்ந்துபோயிருந்தது. "நான் எத்தனையோ வண்டி பாத்திருக்கேன். கடக்கரை வண்டி ஒண்ணுகூட இப்படி இருந்ததில்ல. இங்க பாருங்க."

தரைத் தகட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டிருந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர்க் குழாய்த் துண்டு செருகி, சுற்றிலும் பசை பூசி அடைத்திருந்தது. மேலிருந்து பார்த்தால் கூடைக்கு அடியில் விரித்த சாக்கு அவற்றை மறைத்துவிடும். மேலே சிந்துகிற உப்புத் தண்ணீர் தகட்டில் தேங்காமல், அடியில் இருக்கிற இரும்புச் சட்டத்தில் படாமல், குழாய் வழியே நேராகச் சாலையில் சொட்டிவிடும். ஒவ்வொரு குழாயின் முனையும் சாய்வாகச் சீவப்பட்டிருந்தது, சொட்டு காற்றில் பின்பக்கம் திரும்பி ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக.

சௌந்தரம் கையை உயர்த்தி ஒரு குழாயைத் தொட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கொளஞ்சி.

அவள் வீட்டுக்காரன் கொளஞ்சி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலி. தொட்டிகளிலும் குழாய்களிலும் ஏறித் துருவைச் சுரண்டிவிட்டுப் பெயிண்ட் அடிக்கிற கேங்கில் இருக்கிறவன். பேச்சே கிடையாது. கேட்டால் பதில் வரும். அதுவும் பாதி வரும். தொழிலில் எனக்கு ஒத்தாசையே இல்லாத மனுஷன் என்று அக்கம்பக்கத்தில் அவள் சொல்லாத ஆள் பாக்கியில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் அவன் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே நிழல் குளுகுளுவென்று இருக்கும், அதான் தூங்குகிறான் என்றுதான் நினைத்திருந்தாள். 'வீட்ல இடமில்லாத மாதிரி கார்க்கடியில போய்ப் படுத்துக்கினு' என்று எத்தனை தடவை கத்தியிருப்பாள்! ஒருநாளாவது, நான் தூங்கவில்லை என்று அவன் சொன்னதில்லை.

அவள் உடனே பள்ளத்திலிருந்து ஏறவில்லை. விளக்கை வாங்கிக்கொண்டு முன்னாலிருந்து பின்னால்வரை இன்னொருமுறை நிதானமாக நடந்து பார்த்தாள். ஒரு கை அகலம்கூட விட்டுப்போகவில்லை. யாருமே பார்க்காத இடம். பார்க்கவே முடியாத இடம். கோயில் விதானத்தை அண்ணாந்து பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயந்திரம் கொளஞ்சி ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி வந்தான். கை கால் கழுவிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தான். அவள் டீயை நீட்டினாள்.

"மாமா, கார அடியில போயிப் பாத்தேன்."

அவன் டீயை ஊதினான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னாத்த?"

"என்னாத்தயா? நான் பாட்டுக்கு ஊரெல்லாம் உங்கள திட்டிக்கினு கெடந்தேன்!"

"அது கெடக்குது," என்றான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவனாகவே சொன்னான்: "அங்க ஒரு டேங்குல அடித்தகடு பேந்து, மேல நின்னவன் உள்ள போயிட்டான். எங்கூட வேல பாத்தவந்தான். அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழம நம்ம வண்டியப் பாத்தேன். ஒரே உப்பு. நீ ஏறிப் போற வண்டியாச்சே."

அவ்வளவுதான் சொன்னான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஆள் செத்துப்போன செய்திகூட அவன் வீட்டில் பேசியதில்லை. அந்தத் துக்கம் அத்தனையையும் தூக்கிக்கொண்டுபோய் ஒரு காரின் அடியில் பூசியிருக்கிறான். அவளுக்கு அவனைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது, புதுசாகக் கல்யாணமான பெண்ணுக்கு இருக்கிற மாதிரி.

"பெயிண்டெல்லாம் கம்பெனியிலயா?"

"சேச்சே. முதுநகர்ல கடையில வாங்குனது."

வண்டிக்கு இன்ஜின் வைக்கலாம் என்பது அந்தச் சாயந்திரமே முடிவாகிவிட்டது. எந்த இன்ஜின் என்பதுதான் பாக்கி.

கொளஞ்சியின் அடுத்த விடுமுறையில், பழனிவேலையும் சேர்த்து மூன்று பேருமாகக் கடலூருக்குப் பஸ் ஏறினார்கள். பழைய உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் பொன்னுரங்கம் அவர்களை ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். மர ஸ்டாண்டின் மேல் ரெடி இன்ஜின் நின்றது. வெள்ளி பெயிண்ட் அடித்து, கல்யாணப் பந்தலில் வைத்த குத்துவிளக்கு மாதிரி ஜொலித்தது. விலையும் கைக்கு அடக்கமாக இருந்தது.

பழனிவேல் கையால் சுற்றிப் பார்த்தான். "நல்லாத்தான் சுத்துதுக்கா" என்றவன், பொன்னுரங்கத்திடம் திரும்பி, "அடியில ஆயில் நிக்கிற சம்ப்ப மட்டும் கழட்டிப் பாத்துக்கலாமா?" என்றான்.

"தம்பி, அதுமட்டும் கேக்காத. சீலு போட்டு வச்சிருக்கேன். தொறந்தா எனக்குக் கேரண்டி கெடயாது."

"உள்ள நல்லாருக்கும்ல?" என்று கேட்டாள் சௌந்தரம்.

பொன்னுரங்கம் யோசித்தார். பொய் சொல்லத் தோன்றாத மனுஷர். "அக்கா, இது எனக்கு இப்படியேதான் வருது, இப்படியேதான் போவுது. நானே உள்ள பாத்ததில்ல. பத்துல எட்டு நல்லா ஓடுது."

சௌந்தரம் வெள்ளி பெயிண்டின் மேல் விரலை ஓட்டினாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கை வேறொன்றுக்குப் பழகியது. எத்தனை பெரிய நண்டானாலும் புரட்டிப் போட்டு அடிவயிற்றைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். மேலே ஓடு கல் மாதிரி இருக்கும். அமுக்கினால் உள்ளே வெறும் தண்ணீராக இருக்கும்.

"இல்லண்ணே," என்றாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. புரட்டிப் பாக்காம நான் எதுவும் வாங்குனதில்ல. எங்க வண்டியிலயே ஒரு இன்ஜின் இருக்கு. அத மொதல்ல புரட்டிப் பாத்துடுறேன்."

பொன்னுரங்கத்துக்குக் கோபம் இல்லை. "அதுவும் சரிதான்க்கா. உள்ள கிராங்கு நல்லாருந்தா அதையே வச்சுக்குங்க. இல்லன்னா இது எங்க போவப் போவுது," என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இன்ஜினைப் பிரித்த அன்றைக்கு சௌந்தரம் வியாபாரத்துக்குப் போகவில்லை. பழனிவேல் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினான், சம்ப்பைக் கழற்றினான். நாலு பிஸ்டன்களையும் ஒவ்வொன்றாக மேலே தள்ளி எடுத்தான். கரி அப்பிக் கிடந்தது. குழிக்குள் அவளை விரல் விடச் சொன்னான். மேல் விளிம்பில் நகத்துக்கு ஒரு படி தட்டுப்பட்டது.

"அந்தப் படி தெரியுதா? அதுக்குக் கீழதான் பிஸ்டன் ஏறி எறங்கி ஏறி எறங்கித் தேச்சிருக்கு. வேற ஒண்ணுமில்ல, வயசு."

கடைசியாகத்தான் கிராங்க் தண்டை எடுத்தான். தூக்க முடியாமல் தூக்கி, டீசலில் குளிப்பாட்டி, துணியால் துடைத்து, பெஞ்சின் மேல் வைத்தான். சௌந்தரம் அப்படி ஒன்றைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை. ஒரே இரும்பில் வார்த்த தண்டு. ஆனால் நேராக இல்லை. வளைந்து, மடிந்து, திரும்பி, ஆடுகிறவள் இடுப்பு ஒடித்து நிற்பதுபோல் நின்றது. வெளியெல்லாம் கருமுரடாக இருக்க, சுற்றுகிற இடங்கள் மட்டும் கண்ணாடி. குனிந்தாள், அவள் முகம் அதில் வளைந்து தெரிந்தது.

"மேல கீழ போறத இதுதான் சுத்தா மாத்துது," என்றான் பழனிவேல். "நாலு பிஸ்டனும் மாத்தி மாத்தி இத மிதிக்குது. சைக்கிள் பெடல் மாதிரி."

"இதுவா? இத்தன நாளும் என் கால்மாட்டுலயா சுத்திக்கினு கெடந்துது?"

"கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள எத்தினி சுத்துன்னு எண்ணவே முடியாதுக்கா."

கிள்ளையிலிருந்து முதுநகர், முதுநகரிலிருந்து கிள்ளை. புயலடித்த வருஷம், மகள் காலேஜில் சேர்ந்த வருஷம், மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்த மாசம். அத்தனையிலும் இருட்டுக்குள், எண்ணெய்க்குள், ஒரு நொடி ஓயாமல் இது சுற்றியிருக்கிறது. அவள் மேலே உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டும், ஆலப்பாக்கத்து வெயிலைத் திட்டிக்கொண்டும் போயிருக்கிறாள். தண்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. மெல்லத் தடவிக்கொடுத்தாள், கறவை மாட்டைத் தடவுகிற மாதிரி. பழனிவேல் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல அளவுக்கருவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

அளந்து பார்த்தான். இரண்டு தடவை அளந்தான். கிராங்கில் தேய்மானம் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை. லேசாகப் பாலீஷ் போட்டால் போதும். போர் மட்டும்தான் பழுது. அதில் புதுச் சட்டை, குழியின் சுவராக நிற்கும் இரும்புக் குழாய், இறக்கலாம். புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங். செலவைக் குறைக்க வேண்டிய இடத்தில் குறைத்தார்கள்: டைனமோ பழசு, ரேடியேட்டர் பழசு, அதற்குத் தண்ணீர் போகும் ஹோஸ் பழசு. உள்ளே சுற்றுகிற, உரசுகிற எதிலும் குறைக்கவில்லை. அது கொளஞ்சி போட்ட ஒரே நிபந்தனை. "வெளிய பழசா இருந்தா மாத்திக்கலாம். உள்ள வேணாம்," என்றான். அவனுக்கு அது நீளமான பேச்சு.

லேத் பட்டறையில் புதுச் சட்டையைக் கடைந்தபோதும் அவள் போய் நின்றாள். கடைசல் முனை உள்ளே இறங்க இறங்க, வெள்ளி மயிரிழைபோல இரும்பு சுருண்டு சுருண்டு விழுந்தது. கடைந்து முடித்து, தேய்ப்புக்கல்லை உள்ளே ஓடவிட்டு எடுத்தார்கள். குழியின் சுவரில் மெல்லிசாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், பாய் பின்னின மாதிரி. அந்தக் கோட்டில்தான் எண்ணெய் தங்கும் என்றார் லேத்காரர். எண்ணெய் தங்குவதற்காக இரும்பில் கோலம் போடுகிறார்கள் என்று அவள் அதிசயப்பட்டாள். அன்றிரவு போனில் மகளிடம் காருக்கு அடியில் பார்த்ததையும் இதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். சத்யப்பிரியா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ம்மா, நீ காலேஜ்ல என்னப் படிக்க வச்சதுக்கு நீயே மெக்கானிக்கல் சேந்திருக்கலாம்," என்றாள். சிரித்தாள். பிறகு, "அப்பா அடிச்ச பெயிண்ட ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா," என்றாள். லோடு வண்டிப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

இன்ஜினை மாட்டிய அன்றைக்கு ஷெட்டில் சத்தமே இல்லை. சௌந்தரம்தான் சாவியைத் திருகினாள். திருகினாள், திருகினாள், வெறுமனே முக்கியது. பழனிவேல் டீசல் குழாயில் காற்றை எடுத்துவிட்டு, "இப்ப" என்றான். ஒரு உறுமல், ஒரு தும்மல், சட்டென்று பிடித்துக்கொண்டது. புகை இல்லை. பழைய கட்டைக்குரல் இல்லை. சீராக, அடக்கமாக, நாலும் ஒன்றாகச் சேர்ந்து மூச்சு விட்டது. ஸ்டியரிங்கில் வைத்த அவள் கைக்குள் அந்தத் துடிப்பு ஏறியது. அணைக்க மனசு வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் ஒரேயடியாகக் கூடிவரவில்லை. இரண்டாம் நாளே பின்பக்கம் ஆயில் கசிந்தது. பழனிவேல் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி இறக்கி ஒரு சீலை மாற்றினான். பொங்கலுக்கு முந்தின வாரம் பழைய ஹோஸ் ஒன்று வெடித்து, புதுச்சத்திரத்தில் நடுரோட்டில் ஆவி பறக்க நின்றாள். அதை மாற்றினாள். இன்ஜினுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறுகிறது. முதுநகர் வியாபாரி சாக்கை விலக்கினால் நண்டுகள் கண்ணை நீட்டிக்கொண்டு அவனைப் பார்க்கின்றன.

அந்த ஹோஸ் வெடிப்பதற்கு முன்னால், சீல் மாற்றின கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. புது இன்ஜினைக் கொஞ்ச நாளைக்கு லோடு இல்லாமல் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும் என்று பழனிவேல் சொல்லியிருந்தான். திருவந்திபுரம் போய்த் தேவநாத சுவாமியைச் சேவித்துவிட்டு வரலாம் என்று அவள் கூப்பிட்டாள். கொளஞ்சி சட்டையை மாற்றிக்கொண்டு முன்சீட்டில் ஏறினான். அந்தக் காரில் அவர்கள் இரண்டு பேருமாக அதுவரை எங்கேயும் போனதில்லை.

கோயில் வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். கண்ணைத் திறந்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கெடிலம் ஆற்றங்கரை மண்ணில் குப்புறக் கிடந்தான், காருக்கு அடியில் எட்டிப் பார்த்தபடி.

"கசியலை," என்றான் எழுந்து, முழங்கையைத் தட்டிக்கொண்டே.

திரும்பி வரும்போது வெயில் தணிந்திருந்தது. சிப்காட்டைத் தாண்டும்போது அவன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. மெதுவாகப் போகச் சொன்னதால் மாட்டு வண்டி மாதிரித்தான் போனாள். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கித் தாண்டிப் போனார்கள். கார் ஆடின ஆட்டத்தில் கொளஞ்சியின் தலை மெல்லச் சாய்ந்து ஜன்னல் சட்டத்தில் முட்டியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நகக்கண்ணில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத செம்பெயிண்ட். இப்போது நிஜமாகவே தூங்குகிறான்.

முட்லூரில் வீட்டுக்குத் திரும்புகிற தெரு வந்தது. சௌந்தரம் அவனை ஒருதரம் பார்த்தாள். இன்டிகேட்டர் போடப் போன கையை எடுத்துக்கொண்டு, நேராகச் சிதம்பரம் ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு போனாள்.